அவர் கொடுத்த இருக்கை

மார்ச் 9, திங்கள்

துணிக்கடைக் கட்டடத்தில் பின்பக்க லிஃப்ட் மறுபடியும் மக்கர். நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெரியம்மாவும் மூன்று மெத்தைகளும். நான் மேலே மெஷின் ரூமில் சக்கரத்தைக் கையால் சுற்ற, கூட வேலை செய்யும் தாடி கீழேயிருந்து "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கத்த, ஒருவழியாக இறக்கினோம். வெளியே வந்த பெரியம்மா, "மெத்தை இருந்ததாலே ஆச்சு, ஒரு தூக்கம் போட்டேன்" என்றார். தாடிக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. (தாடி, தாடியை எடுத்து மூன்று வருஷமாகிறது. பேர்தான் இன்னும் மழிக்கப்படவில்லை.)

நான் லிஃப்ட் கூரைமேல் நின்று ரோப்புக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது சுண்டு போன் செய்தாள்.

"அப்பா, உக்காந்திருக்கீங்களா?"

"லிஃப்ட் மேல நிக்கிறேன்டா."

"அப்ப எதையாவது கெட்டியாப் பிடிச்சுக்கோங்க. ஸ்கூல் நிறைவு விழாவுல மாணவர்கள் எல்லார் சார்பாவும் பேசப்போறது யாரு சொல்லுங்க?"

மொத்த வகுப்பிலும் அவள்தான் முதல். பதக்கம் வேறு. மே முப்பது, சனிக்கிழமை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கையைத் துடைக்காமலேயே கண்ணைத் துடைத்துவிட்டேன். சாயங்காலம் வரை கண் எரிந்தது. கிரீஸ்.

நடக்கப் பழகியபோது வேறு எந்த விரலையும் பிடிக்க மாட்டாள். என் சுண்டுவிரல்தான் வேண்டும். அப்படி வந்த பேர் அது. அந்தச் சுண்டு மேடையேறிப் பேசப்போகிறாள்.

மார்ச் 15, ஞாயிறு

வந்தாள். நாங்கள் பிரிந்தபோது பேசிக்கொண்டபடி ஞாயிறு எனக்கு. ஆறு வருஷமாக ஒன்றிரண்டு தவிர எந்த ஞாயிறும் தவறியதில்லை. என் ஒற்றை அறையில் கட்டில் முழுக்கப் புத்தகத்தைப் பரப்பிக்கொண்டு, என்னைக் கதவோரம் முக்காலிக்குத் தள்ளிவிட்டாள். படிக்கும்போது பென்சிலைக் கடிக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை.

கிளம்பும்போது, "நீங்க வருவீங்கள்ல?" என்றாள்.

"வராம? முதல் வரிசையில உக்காந்து விசிலடிப்பேன்."

"ஐயோ, விசில் மட்டும் வேணாம்ப்பா."

ஏப்ரல் 2, வியாழன்

சூப்பர்வைசரிடம் மே முப்பதுக்கு லீவு சொன்னேன். "இப்பவேயா? கல்யாணத்துக்கே ரெண்டு நாள் முன்னாடிதான் கேப்பாங்க" என்றார். காரணத்தைச் சொன்னேன். எழுந்து கை கொடுத்தார். இந்த மனிதர் எழுந்து நின்று நான் பார்த்ததே இல்லை.

வரும் வழியில் ஒரு சட்டை எடுத்தேன். வெளிர்நீலம். தாடி பார்த்துவிட்டு, "கல்யாணம் உனக்கா?" என்றான்.

ஏப்ரல் 12, ஞாயிறு

வந்தாள். சரியாகப் பேசவில்லை. பரீட்சைக் களைப்பாக இருக்கும்.

ஏப்ரல் 19, ஞாயிறு

இன்றைக்குச் சொன்னாள்.

வந்ததும் வராததுமாகச் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். பெரிய அரங்கத்தில் கூரை வேலை நடக்கிறதாம். அதனால் விழா சின்ன அரங்கத்தில். ஒரு பிள்ளைக்கு இரண்டே இரண்டு சீட்டு.

"ரெண்டே ரெண்டுதான்ப்பா. கூட ஒண்ணு கேட்டுப் பாத்தேன். எல்லாரும் கேக்கறாங்க, முடியாதுன்னுட்டாங்க."

"சரி, அம்மாவும்..." என்று ஆரம்பித்தேன். அவள் முடிக்கட்டும் என்று நிறுத்தினேன்.

"அம்மாவும் அங்கிளும்" என்றாள்.

அங்கிள் என்றால் அவள் அம்மாவின் கணவர். கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். மூக்குக் கண்ணாடி. நான் அவரோடு மொத்தமாகப் பத்து வார்த்தை பேசியிருப்பேன். அதில் பாதி "வணக்கம்."

"இது அம்மா சொன்னதா, நீயா முடிவு பண்ணினதா?"

கேட்டிருக்கக் கூடாது. அவள் தரையைப் பார்த்தாள். தரை பதில் சொல்லிவிட்டது.

"போன்ல சொல்ல மனசு வரலப்பா. நேர்ல வந்துதான் சொல்லணும்னு..." அதற்குள் அழுகை வந்துவிட்டது. நான்தான் சமாதானம் செய்தேன். "இதுக்குப் போய் யாராவது அழுவாங்களா? சீட்டு யார்கிட்ட இருந்தா என்ன, பேசப்போறது எம்பொண்ணுதானே" என்றேன். நன்றாகத்தான் சொன்னேன். எனக்கே நம்பும்படியாக இருந்தது.

அவள் போனபிறகு டீ போட்டேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன். அப்படியே குடித்தேன்.

ஏப்ரல் 20, திங்கள்

கோபமா? இல்லை. கோபமில்ல. ஆனா ஏன்? தூக்கி வளத்த கையி இது. ஒரு வார்த்த, "அப்பா நீங்க வாங்க, அங்கிள் வீட்ல இருக்கட்டும்"னு ஒரு வார்த்த வரல பாரு. ரெண்டுல ஒண்ணாக்கூட நான் இல்ல.

பேனாவை வைத்துவிட்டு முகம் கழுவிவிட்டு வந்தேன்.

அவள் பக்கமும் யோசிக்கத்தான் வேண்டும். திங்கள் முதல் சனி வரை யார் வீட்டில் இருக்கிறாள்? யார் காரில் பள்ளிக்குப் போகிறாள்? வாரத்தில் நான் ஒரு நாள். கணக்கு எனக்கும் தெரியும். தெரிந்தால் வலிக்காது என்று யார் சொன்னது?

மே 6, புதன்

தாடி கேட்டான்: "சீட்டு வந்துடுச்சா? முன் வரிசையா, பின் வரிசையா?"

"நடுவுல" என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்துவிட்டது. இனி இதையும் சுமக்க வேண்டும். சூப்பர்வைசர் வேறு ஆபீசில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். கணக்குப் பிரிவு அம்மா இனிப்பு எப்போது என்கிறார்.

மே 21, வியாழன்

கண்ணாடிக் கடைக்காரர் வந்தார். நான் வேலை செய்யும் கட்டடம் எது என்று விசாரித்துக்கொண்டு, வாசலில் வந்து நின்றிருந்தார். வெயிலில் முகமெல்லாம் வேர்வை. என்னமோ ஏதோ என்று பதறிவிட்டேன்.

"சுண்டுவுக்கு என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல சார். கொஞ்சம் பேசலாமா?"

எதிரே டீக்கடையில் நின்றோம். டீ ஆறும்வரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு உறையை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"அன்னிக்குக் கடைக்குச் சரக்கு வருது. நான் இல்லாம முடியாது. சீட்டு வீணாப் போயிடும். நீங்க போயிட்டு வாங்க சார்."

பொய் சொல்லத் தெரியாத மனிதர். காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன.

"அவளுக்குத் தெரியுமா?"

"இல்ல. அவங்க அம்மாகிட்ட மட்டும் நான் சொல்லிக்கிறேன். சுண்டுகிட்ட நீங்களும் சொல்ல வேணாம். முன்னாடியே தெரிஞ்சா பேச்சுல கவனம் போயிடும்."

அவர் வாயில் 'சுண்டு' என்று கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. நான் வைத்த பேர். ஆனால் அந்த வீட்டில் வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்?

வாங்கிக்கொண்டேன். 'வேண்டாம், நீங்களே போங்க' என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. எங்கே அவர் சரி என்றுவிடுவாரோ என்று பயம். டீக்குக் காசு கொடுக்க நான் முந்தினேன். அது ஒன்றுதான் என்னால் முடிந்தது.

மே 29, வெள்ளி

சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போட்டாகிவிட்டது. சீக்கிரம் படுக்க வேண்டும்.

மே 31, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. இன்று அவள் வரவில்லை. தோழிகளோடு வெளியே போகிறாளாம். அதுவும் நல்லதுதான். நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

சின்ன அரங்கம். சுவரெல்லாம் பிள்ளைகள் ஒட்டிய காகிதப் பூக்கள், விசிறிக் காற்றில் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருந்தன. ஏழாவது வரிசை. சுண்டுவின் அம்மா முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "உக்காருங்க" என்றாள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை காலமாயிற்று. இரண்டு பேரின் முழங்கையும் ஒரே கைப்பிடிக்குப் போய், இரண்டும் ஒன்றாகவே பின்வாங்கின.

"சட்டை புதுசா?"

"ம்."

"நல்லாருக்கு."

பேச்சு அவ்வளவுதான். சண்டை இல்லை, வருத்தம் இல்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கை மனிதர்கள் மாதிரி.

இசை போட்டார்கள். ஸ்பீக்கர் கரகரவென்றது. பிள்ளைகள் கறுப்பு அங்கியும் தொப்பியுமாக இரண்டிரண்டு பேராக உள்ளே வந்தார்கள். அங்கி தரையைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு பையன் தடுக்கி விழப் பார்த்தான். சுண்டு நடுவில் வந்தாள். கழுத்தை எட்டி எட்டித் தேடினாள். எங்கள் வரிசையைக் கண்டுபிடித்துவிட்டாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு கண் பக்கத்து இருக்கைக்கு வந்தது. வரும்போதே முகத்தில் ஒரு சிரிப்பு தயாராக இருந்தது.

என்னைப் பார்த்ததும் அது நின்றது.

ஒரு நொடிதான். உடனே வேறொரு சிரிப்பு வந்தது. அதுவும் நல்ல சிரிப்புதான், பொய் இல்லை. ஆனால் முதலில் வந்தது எனக்கு வந்ததில்லை.

தலைமையாசிரியை ஒவ்வொரு பேராக வாசித்தார். விளையாட்டுக்கு, ஓவியத்துக்கு, ஒரு நாள்கூட லீவு போடாததற்கு. அந்த லீவு போடாத பையன் மேடையேறியதும் முன் வரிசையில் ஒருவர் எழுந்து, "அது எங்க பையன்!" என்று கத்தினார். தலைமையாசிரியை மைக்கிலேயே, "எல்லாருமே எங்க பிள்ளைங்கதான், நீங்க உக்காருங்க" என்றார். அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். சுண்டுவின் பேர் வந்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பதக்கத்தைப் போட்டதும் தொப்பி சரிந்தது. ஒரு கையால் தொப்பியையும் மறு கையால் பதக்கத்தையும் பிடித்துக்கொண்டு மைக் முன்னால் நின்றாள். கைதட்டி என் உள்ளங்கை காந்தியது.

பேசினாள். பயமே இல்லை. ஆசிரியர்களைப் பற்றி, வகுப்பில் தூங்கி மாட்டிக்கொண்டதைப் பற்றி, பள்ளிக்கூடத்துப் பூனை பரீட்சை ஹாலில் புகுந்ததைப் பற்றி. எல்லோரும் சிரித்தார்கள். நான் தற்செயலாகப் பக்கத்தில் பார்த்தேன். அவள் அம்மாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. வீட்டில் எத்தனை தடவை பேசிப் பார்த்தார்களோ, பேச்சு முழுக்க அவளுக்கு மனப்பாடம். மகள் மேடையில் சொல்லச் சொல்ல, அம்மா சத்தமில்லாமல் கூடவே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கடைசியா ஒருத்தரப் பத்திச் சொல்லணும்" என்றாள் சுண்டு. நிறுத்தினாள். எங்கள் வரிசையைப் பார்த்தாள். கையிலிருந்த தாளைத் திருப்பினாள். "என்னைப் பெத்தவங்களுக்கும், எங்க எல்லாரையும் பெத்தவங்களுக்கும் நன்றி" என்று முடித்துவிட்டாள்.

எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அவள் அம்மாவின் உதடு மட்டும் இன்னும் நிற்கவில்லை. மகள் சொல்லாமல் விட்டதை அது சொல்லிக்கொண்டே இருந்தது. நெடுநேரம். பெரிய பகுதியாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

எனக்குப் புரிந்துவிட்டது. புரியாதது போலக் கை தட்டினேன்.

வெளியே முற்றத்தில் ஒரே கூட்டம், போட்டோ, கட்டிப்பிடிப்பு. சுண்டு ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "எப்படிப்பா வந்தீங்க?" "பஸ்லதான்" என்றேன். சிரித்தாள். கண் ஈரமாக இருந்தது. பிறகு அம்மாவைப் பார்த்து, மெதுவாகத்தான் கேட்டாள்: "அங்கிள் எங்கம்மா?"

"தெருமுனையில கார்ல இருக்கார்."

"பிடிங்கப்பா, இதோ வந்துடறேன்" என்று பதக்கத்தையும் சான்றிதழையும் என் கையில் திணித்துவிட்டு ஓடினாள். அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு செருப்பு கழன்று, திரும்பி வந்து மாட்டிக்கொண்டு, மறுபடி ஓடினாள்.

நான் வாசல் கதவு வரை போனேன். அங்கிருந்து தெரிந்தது. அவர் காரைவிட்டு இறங்கி நின்றிருந்தார். சரக்கு இறக்கப் போகிறேன் என்றவர் கோட்டும் டையுமாக இருந்தார். தெருமுனையில், அந்த வெயிலில், கோட்டும் டையும். சுண்டு அங்கியின் கைக்குள்ளிருந்து அந்தத் தாளை எடுத்தாள். அவர் முன்னால் நேராக நின்றாள், மேடையில் நின்ற மாதிரியே. வாசித்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.

ஒரு வார்த்தைகூட எனக்குக் கேட்கவில்லை.

பதக்கத்தை அவள் அம்மாவிடம் கொடுத்தேன். "இருங்க, எல்லாருமா சேர்ந்து சாப்பிடப் போலாம்" என்றாள். மனதாரத்தான் கூப்பிட்டாள். வேலை இருக்கிறது என்றேன். லீவு என்று அவளுக்கும் தெரியும்.

எனக்கென்ன குறைச்சல்? எம்பொண்ணு மேடையில நின்னா. நான் கண்ணால பாத்தேன். போதாதா? போதும்தான்.

ஜூன் 1, திங்கள்

ஆபீசில் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். எப்படி இருந்தது என்றார்கள். பிரமாதம் என்றேன்.

ஜூன் 7, ஞாயிறு

வந்தாள். எனக்கென்று போட்டோ ஒன்றைச் சட்டம் போட்டுக் கொண்டு வந்திருந்தாள். அவளும் நானும். இரண்டு பேருக்கும் கண் பாதி மூடியிருக்கிறது. ஆணி அடித்து மாட்டினோம்.

சாப்பிட்டு முடித்ததும் கேட்டேன். "அன்னிக்கு ஒரு இடம் விட்டுட்டியே, அது என்ன?"

"ஒண்ணும் விடலப்பா."

"உங்கம்மா உதடு விடலயே."

"உங்களுக்கு வேணாம்ப்பா" என்றாள். "எனக்குத்தான் வேணும், சொல்லு" என்றேன். தாள் தேவைப்படவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

போன வருஷம் கணக்குப் பரீட்சையில் அவள் தோற்றுவிட்டாளாம். ஒரு முழு நாள் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டாளாம். 'ஒருவர் அந்தக் கதவைத் தட்டவில்லை. ஏன் என்று கேட்கவில்லை. கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தார். தன் சாப்பாட்டுத் தட்டை அங்கேயே கொண்டுவந்து சாப்பிட்டார். எனக்கும் ஒரு தட்டு மூடி வைத்திருந்தார். சாயங்காலம் நான் கதவைத் திறந்தபோது சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். இன்று எனக்குக் கிடைக்கிற கைதட்டலில் பாதி அவருடையது.'

அவள் கணக்கில் தோற்றதே எனக்குத் தெரியாது. அது எந்த நாள் என்று கேட்டேன். ஒரு ஞாயிறு. 'தலைவலிப்பா, இன்னிக்கு வரல' என்று செய்தி அனுப்பிய ஞாயிறு. 'சரிடா, தூங்கு' என்று பதில் போட்டுவிட்டு நான் தாடியோடு சினிமாவுக்குப் போனேன்.

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"வாரத்துல ஒரு நாள்தானேப்பா உங்களப் பாக்கறேன். அன்னிக்கும் அழுதுட்டே இருந்தா எப்படி?"

கொஞ்சம் கழித்து, "மேடையில அதைச் சொல்லியிருக்கலாம்" என்றேன். "நானும் கை தட்டியிருப்பேன்."

"தெரியும்ப்பா. நல்லாவே தட்டியிருப்பீங்க. அதனாலதான் சொல்லல."

தட்டுகளை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன். அவள் பின்னாலேயே வந்து, ஒவ்வொன்றாக வாங்கித் துடைத்து வைத்தாள்.

ஜூன் 13, சனி

வேலை முடிந்து கண்ணாடிக் கடைக்குப் போனேன். இதுவரை போனதில்லை. ஒரு குழந்தைக்கு முதல் கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்தார். அது மாட்டேன் என்று தலையை ஆட்ட, இவரும் கூடவே தலையை ஆட்டி ஆட்டி மாட்டிவிட்டார். அவர்கள் போகும்வரை காத்திருந்தேன்.

"அன்னிக்கு அங்க நீங்க உக்காந்திருக்கணும்" என்றேன்.

"நீங்க உக்காந்ததுதான் சார் சரி."

"அந்தக் கதவு விஷயம் சொன்னா."

அவர் காது மறுபடி சிவந்தது. கல்லாமேல் கிடந்த துணியை மடித்தார், பிரித்தார். "அத அவ ரொம்பப் பெருசா எழுதிட்டா சார். நான் ஒண்ணும் யோசிச்சுச் செய்யல. கதவத் தட்ட எனக்கு உரிமை இருக்கான்னு தெரியல. நீங்களா இருந்தா தட்டியிருப்பீங்க. எனக்குத் தைரியம் வரல, அதான் வெளியவே உக்காந்துட்டேன்."

நான் தட்டியிருப்பேனா? தட்டித் தட்டி உடைத்திருப்பேன். அவள் திறந்திருக்கவே மாட்டாள்.

அதை அவரிடம் சொல்லவில்லை. "நல்லதுங்க" என்று மட்டும் சொன்னேன். கை கொடுத்தேன்.

ஜூன் 28, ஞாயிறு

கல்லூரி உறுதியாகிவிட்டது. தூரம். ரயிலில் ஒரு பகல், ஒரு இரவு. ஹாஸ்டல். வருஷத்துக்கு இரண்டு தடவை வருவாளாம்.

சந்தோஷப்பட்டேன். அவள் கண்ணெதிரில் நன்றாகவே சந்தோஷப்பட்டேன்.

ஜூலை 11, சனி

ரயிலேற்றிவிட்டு வந்தேன். பெட்டியை ஒரு பக்கம் நானும் மறுபக்கம் அவரும் பிடித்தோம். படியில் அவர், "பாத்து சார், பாத்து" என்று எனக்குச் சொல்ல, நான் அவருக்குச் சொல்ல, பெட்டி இரண்டு பேர் காலிலும் இடித்தது. சுண்டுவின் அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி எதை எதை எப்போது சாப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

எதிர் இருக்கையில் ஒரு ஆசிரியை. அவள் இறங்கும் ஊர்வரை போகிறவர். "தனியாவா போற? அப்பா வந்திருக்காராம்மா?" என்று கேட்டார்.

சுண்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

"வந்திருக்காங்க" என்றாள்.

என்னைப் பற்றிப் பேசும்போது 'அப்பா சொன்னார், அப்பா வந்தார்' என்பதுதான் அவள் வழக்கம். 'வந்திருக்காங்க' மரியாதைக்கு வந்ததா, எண்ணிக்கைக்கு வந்ததா? அந்த ஆசிரியைக்கு எப்படிக் கேட்டதோ. எனக்குச் சரியாகத்தான் கேட்டது. பக்கத்தில் அவருக்கும் கேட்டிருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றினார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

வண்டி போய்விட்டது. மூன்று பேரும் வெளியே வந்தோம். வீட்டில் இறக்கிவிடுகிறேன் என்றார். நடந்து போகிறேன் என்றேன்.

ஜூலை 13, திங்கள்

சூப்பர்வைசரிடம் போய், இனிமேல் ஞாயிற்றுக்கிழமை டூட்டி எனக்கே போடச் சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமை உங்களத் தொடவே கூடாதுன்னு ஆறு வருஷமா சண்டை போட்டீங்களேய்யா?"

"இப்ப பரவாயில்லை சார்."

நிமிர்ந்து பார்த்தார். பட்டியலில் எழுதிக்கொண்டார்.